நாய்க்குச் சோறு போதுமா? பூனைக்குத் தயிர் போதுமா?

கொங்கு நாட்டில் நாய் இல்லாத தோட்டத்துச் சாளையைக் காண்பது அரிது. இரவெல்லாம் விழித்திருந்து காவல் காப்பது நாய். எலியைப் பிடித்துத் தானியத்தைக் காப்பது பூனை.

இந்த இரண்டுக்கும் கிடைக்கும் சாப்பாடு என்ன? பெரும்பாலும் வீட்டில் மீந்ததுதான். நாய்க்குப் பழைய சோறும் ரசமும். பூனைக்குக் கொஞ்சம் பால் அல்லது தயிர்ச் சோறு.

வயிறு நிறைந்துவிடுகிறது. ஆனால் உடம்புக்கு வேண்டிய சத்து எல்லாம் கிடைக்கிறதா?

சோளம் தின்ற நாய்கள்

ஒரு காலத்தில் கொங்கு நாட்டு வீடுகளில் சோளச் சோறும் கம்மஞ்சோறும்தான் அன்றாடச் சாப்பாடு. வீட்டு நாயும் அதையே தின்றது. வெறும் சோளத்தையே தின்றால் நாய்க்கு என்ன ஆகும்? இதை விஞ்ஞானிகள் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

கோவைக்கு வடக்கே, மலை மேல் உள்ள ஊர் குன்னூர். அங்கே 1918-ல் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் உணவு பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒரே ஓர் அறையில் தொடங்கிய அந்த ஆராய்ச்சிக்கூடம் பெரிதாக வளர்ந்தது. 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

ஐதராபாத் பக்கத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை ஒரு நோய் வாட்டியது. தோல் கருத்து உரியும். வயிற்றுப்போக்கு உண்டாகும். புத்தியும் தடுமாறும். இந்த நோய்க்குப் 'பெல்லாக்ரா' என்று பெயர்.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சி.கோபாலன். அவர் சேலத்தில் பிறந்தவர். அவரும் உடன் இருந்தவர்களும் நாய்களுக்குச் சோள உணவு கொடுத்துப் பார்த்தார்கள். நாய்களுக்கு 'கருநாக்கு' நோய் வந்தது! இந்த முடிவு 1965-ல் வெளியாயிற்று.

கருநாக்கு நோய் கண்ட நாயின் வாய் புண்ணாகிவிடும். எச்சில் வடியும். நாக்கு சிவந்து, பிறகு கருக்கும். தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும்.

இதற்கு மருந்து முன்பே தெரிந்திருந்தது. 1937-ல் அமெரிக்காவில் எல்வேஜெம் என்ற விஞ்ஞானி, ஈரலில் உள்ள 'நியாசின்' என்ற வைட்டமினால் கருநாக்கு நோயைக் குணப்படுத்திக் காட்டினார். அதே வைட்டமின் பெல்லாக்ரா கண்ட மனிதர்களையும் பிழைக்க வைத்தது. நாய்கள் பட்ட துன்பம் மனிதர்களுக்கு உயிர் கொடுத்தது!

அப்படியானால் சோளம் கெட்டதா? இல்லை. சோளத்தை மட்டுமே கொடுப்பதுதான் கெடுதல். வெறும் அரிசிச் சோறும் அப்படித்தான். அதோடு வேகவைத்த முட்டையோ கறியோ சேர வேண்டும்.

பூனை வேறு, நாய் வேறு

நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்கிறது. அதனால் மாவுப் பண்டங்களைச் செரிக்கும் சக்தி அதற்கு ஓநாயைவிட அதிகம். சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2013-ல் இதை எடுத்துக் காட்டினார்கள்.

பூனை அப்படி அல்ல. அது புலியின் இனம். மாமிசம் இல்லாமல் அதன் உடம்பு நிலைக்காது.

'டாரின்' என்று ஒரு சத்து உண்டு. நாயின் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு செய்ய முடியாது. அது மீனிலும் கறியிலும் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் கண் கெடும் என்று 1975-ல் தெரிந்தது. இதயம் வீங்கித் தளரும் என்பது 1987-ல் தெரிந்தது.

சாளைப் பூனை தயிர்ச் சோறு தின்றே நன்றாக இருக்கிறதே என்று கேட்கலாம். அது ராத்திரியில் எலி பிடித்துத் தின்கிறது! கோவை நகரத்து அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்தி வளர்க்கும் பூனைக்கு எலி ஏது? அதற்கு வெறும் தயிர்ச் சோறு போட்டால் மெல்ல மெல்லக் கண்ணும் இதயமும் கெடும்.

வேகவைத்து முள் எடுத்த மீன், கோழிக்கறி ஆகியவை பூனைக்கு நல்லவை. சைவ வீட்டுக்காரர்கள் டாரின் சேர்த்த பூனைத் தீவனத்தைக் கடையில் வாங்கிப் போடலாம். நாய்த் தீவனத்தைப் பூனைக்குப் போடக் கூடாது. பால் பல பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். ஈரலை அடிக்கடி நிறையக் கொடுத்தாலும் எலும்பு கெடும்.

இவற்றைக் கொடுக்காதீர்கள்!

வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தத்தையும் கெடுக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் ஆகாது.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் நாய்க்கு விஷம்.

சமைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும்.

குட்டிக்கு எலும்பில்லாத கறியை மட்டும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் கால் வளையும்.

அளவு மீறக் கூடாது

அன்பு மிகுந்து அள்ளிப் போடுவதும் ஆபத்தே. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை அவற்றின் ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். பாதி நாய்களுக்கு மற்றவற்றைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி போட்டார்கள். குறைவாகத் தின்றவை சுமார் 13 ஆண்டும், மற்றவை சுமார் 11 ஆண்டும் வாழ்ந்தன. இந்த முடிவு 2002-ல் வெளியாயிற்று. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுவே சரியான உடம்பு.

நாய்க்கோ பூனைக்கோ தீனியில் ஆசை குறைந்தால், முடி கொட்டினால், எச்சில் வடிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சில் வடிவது வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே வாய்க்குள் கைவிட வேண்டாம்.

கட்டிப்போட்ட நாயும் வீட்டுக்குள் அடைத்த பூனையும் தங்கள் தீனியைத் தாங்களே தேட முடியாது. நாம் வைப்பதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அறிந்து வைப்பது நம் கடமை.