உளநோய்ச் சிகிச்சையில் மருந்தும் உரையாடலும்

ஹிஜ்ரி 322ல் (கி.பி. 934) மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ இயற்றிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' என்ற நூல் இரு பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதி உடல் நலத்தையும் இரண்டாம் பகுதி உள நலத்தையும் பேசுகின்றது. தம் காலத்து வைத்தியர்கள் உடலுக்கு மட்டுமே மருத்துவம் செய்து உள்ளத்தைப் புறக்கணித்து விட்டனர் என்பது அவரது குறைபாடு. கோபம், அச்சம், கவலை, வஸ்வாஸ் எனப்படும் ஊசலாட்ட எண்ணங்கள் ஆகியவற்றை அவர் தனித்தனி அத்தியாயங்களில் ஆராய்கின்றார்.

கவலை பற்றிய அவரது பாகுபாடு இன்றும் வாசித்துப் பயன்பெறத் தக்கது. அன்புக்குரியவரை இழத்தல், பொருளை இழத்தல் போன்று காரணம் புலனாகும் கவலை ஒரு வகை. காரணம் எதுவென்று அறியாமலே ஒருவரை ஆட்கொண்டு, எதிலும் இன்பம் காண முடியாதவராக ஆக்கி விடும் கவலை மற்றொரு வகை. பிந்தியதன் வேர் உடலில், குறிப்பாக இரத்தத்தில் ஏற்படும் கோளாறில் உள்ளது என அவர் கருதினார். எனவே அதற்கு உடல்சார்ந்த மருத்துவம் தேவை என்றார். ஆயினும் அத்தகையவரிடம் பேசுவதையும் அவரை மகிழ்விப்பதையும் அவர் கைவிடச் சொல்லவில்லை.

சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி (1932–2021) இந்நூலின் உள நலப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013ல் வெளியிட்ட பின்னர், நவீன அறிகை நடத்தைச் சிகிச்சையை அல்பல்கீயே கண்டுபிடித்தார் என்று மேடைகளில் முழங்குவோர் பெருகினர். இது மிகைக் கூற்று. இரத்தம் மாசுறுவதால் கவலை தோன்றுகின்றது என்ற அவரது விளக்கத்தை இன்று எவரும் ஏற்பதில்லை. அவரிடமிருந்து நாம் பெறக்கூடியது ஒரு பார்வையாகும்: வாடும் மனிதனின் முன் அமர்ந்து, இவருக்கு மருந்து வேண்டுமா, சொல் வேண்டுமா, இரண்டும் வேண்டுமா என்று கேட்கும் பார்வை.

நவீன மருத்துவம் அக்கேள்விக்குத் திரும்பி வர நீண்ட காலம் எடுத்தது. லித்தியம் 1949ல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்பவரால் பித்துநிலைக்கு வழங்கப்பட்டது. குளோர்புரோமசின் 1952ல் பரிஸ் நகரின் புனித ஆன் வைத்தியசாலையில் உளப்பிறழ்வு நோயாளருக்குப் பயன்படுத்தப்பட்டது. மனச்சோர்வுக்கான இமிப்பிரமின் பற்றிய முதல் அறிக்கையைச் சுவிற்சர்லாந்தின் ரோலன்ட் கூன் 1957ல் வெளியிட்டார். இம்மூன்றும் எண்ணற்றோரை வைத்தியசாலைச் சுவர்களுக்கு வெளியே வாழ வைத்தன. ஆனால் உள மருத்துவ உலகம் இரு முகாம்களாகப் பிரிந்தது. ஒரு சாரார் மருந்தை மட்டும் நம்பினர். மறுசாரார் மருந்து உண்மையான துயரை மூடி மறைக்கின்றது என்றனர்.

இந்த விவாதத்தை ஆய்வுகளே ஓரளவு தணித்தன. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், நீண்டகால மனச்சோர்வுடைய 681 பேர் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். மருந்து மட்டும் பெற்றோரில் 48 வீதத்தினரும் உளச்சிகிச்சை மட்டும் பெற்றோரில் அதே 48 வீதத்தினரும் முன்னேற்றம் கண்டனர். இரண்டையும் பெற்றோரில் அது 73 வீதமாக இருந்தது. (அதில் பயன்பட்ட நெபசொடோன் என்ற மருந்து ஈரலைத் தாக்கியமையால் பின்னர் பல நாடுகளில் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது என்பதையும் இங்கு குறித்தாக வேண்டும்.) 2004ல் வெளியான, 439 கட்டிளைஞர் பங்குகொண்ட அமெரிக்க ஆய்விலும் இதே போக்குக் காணப்பட்டது. புளுவொக்சற்றீன் மருந்துடன் அறிகை நடத்தைச் சிகிச்சையும் பெற்றோரில் 71 வீதத்தினர் 12 வாரங்களில் தேறினர். மருந்து மட்டும் பெற்றோரில் 61 வீதமும், சிகிச்சை மட்டும் பெற்றோரில் 43 வீதமும், வெற்று மாத்திரை பெற்றோரில் 35 வீதமும் தேறினர்.

இவற்றைக் கொண்டு, இரண்டும் சேர்ந்தால் எப்போதும் நன்று என்று முடிவு கட்டி விடலாகாது. நம் சமூகத்தில் பரவலாகக் காணப்படும் வுழூ வஸ்வாஸை எடுத்துக் கொள்வோம். ஒருவர் முகத்தைப் பத்துத் தடவை கழுவியும் நீர் படவில்லை என எண்ணுகின்றார். தக்பீர் கட்டிய பின் மீண்டும் குழாயடிக்கு ஓடுகின்றார். ஜமாஅத் முடிந்து விடுகின்றது. இவருக்கு மார்க்கத் தீர்ப்பு நன்கு தெரியும். சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆலிம் கூறியதும் தெரியும். மீண்டும் மீண்டும் அதே தீர்ப்பைக் கேட்பதே இந்நோயின் ஓர் அறிகுறியாகி விடுகின்றது. இவருக்கான உளச்சிகிச்சையில், வுழூவை ஒரே முறை செய்துவிட்டு, எழும் பதற்றத்தைத் தணிக்க எதுவும் செய்யாமல் அதனுடன் இருக்கப் பழக்குவர். பதற்றம் தானாகவே தணிவதை அவர் தம் அனுபவத்தில் காண்பார். சுழல் எண்ண நோய்க்கு இச்சிகிச்சையைத் தனியாகவும் குளோமிப்பிரமின் மருந்துடன் சேர்த்தும் ஒப்பிட்டு 2005ல் வெளியான ஆய்வில், சேர்க்கை முறை தனிச் சிகிச்சையை விடத் தெளிவான மேன்மை எதையும் காட்டவில்லை. எனினும் பதற்றம் மிகுந்து பயிற்சியைத் தொடங்கவே இயலாதவருக்கு மருந்து ஊன்றுகோலாகின்றது. இந்நோய்க்கு மருந்தின் அளவு மனச்சோர்வுக்குரியதை விட அதிகமாகத் தேவைப்படுவதுண்டு. பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை செல்லலாம்.

உளப்பிறழ்வு, இருதுருவ நோய் ஆகியவற்றின் நிலை வேறு. அங்கு பெரும்பாலோருக்கு மருந்தே அடித்தளம். குடும்பத்தாரையும் அமர்த்திச் செய்யும் உரையாடற் சிகிச்சை நோய் திரும்புவதைக் குறைக்கின்றது. மருந்தின்றிப் பேச்சை மட்டும் நம்புவது அவர்களைப் பேராபத்தில் தள்ளி விடும்.

மருந்து குறித்து மக்களிடையே நிலவும் அச்சங்களுள் முதன்மையானது அடிமையாகி விடுவோமோ என்பது. எல்லா உளநோய் மருந்துகளையும் 'நித்திரைக் குளிசை' என்ற ஒரே பெயரால் அழைப்பதால் இக்குழப்பம் வளர்கின்றது. டயசிபாம் முதலிய பதற்றத் தணிப்பு மருந்துகள் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உண்மையிலேயே பழக்கத்தை உண்டாக்கும். அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்புக் கூட ஏற்படலாம். மனச்சோர்வு மருந்துகள் அவ்வாறான தாகத்தை ஏற்படுத்துவதில்லை. ஆனால் பரொக்சற்றீன், வென்லபக்சின் போன்றவற்றைச் சட்டென விட்டால் தலைச்சுற்று, உறக்கக் கேடு, மின்னதிர்ச்சி போன்ற உணர்வு என்பன தோன்றும். இவற்றைக் கண்டு நோய் திரும்பி விட்டது என அஞ்சுவோரும் உளர். படிப்படியாகக் குறைப்பதே வழி. மூளையில் செரொட்டொனின் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்த எளிய விளக்கத்துக்குப் போதிய சான்றில்லை என 2022ல் வெளியான மீளாய்வொன்று கூறியது. இதை வாசித்து மருந்தை வீசியெறிந்தோருக்கு ஒன்றைக் கூற வேண்டும்: மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது என்பது ஒரு கேள்வி, வேலை செய்கின்றதா என்பது வேறொரு கேள்வி. 2018ல் 522 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பரிசீலிக்கப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விடப் பயனளித்தமை தெரிய வந்தது. அப்பயன் சராசரியாக மிதமானதே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் உளவளத்துணையாளரின் பொறுப்பு முக்கியத்துவம் பெறுகின்றது. வைத்தியர் நோயாளியை மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் காண்கின்றார். உளவளத்துணையாளரோ வாரந்தோறும் ஒரு மணி நேரம் அவருடன் அமர்கின்றார். மனச்சோர்வு மருந்தின் பக்க விளைவுகள் முதல் நாட்களிலேயே வரும். பயன் வர இரண்டு முதல் நான்கு வாரங்கள் அல்லது அதற்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் மருந்தை விடுகின்றனர். இளையோரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடுவதும் இக்காலத்திலேயே கவனிக்கப்பட வேண்டும். இதனை முதலில் கண்டுகொள்ளக் கூடியவர் வாரந்தோறும் சந்திப்பவரே. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லும் உரிமை அவருக்கில்லை. ஆனால் என்ன மருந்து, எப்போது முதல், ஒழுங்காக எடுக்கின்றீர்களா என்று கேட்பதும், வந்தவரின் சம்மதத்துடன் வைத்தியருக்கு எழுதுவதும் அவரது கடமை. "இங்கே வருகிறீர்கள்தானே, இனி மாத்திரை எதற்கு?" என்று கூறும் உளவளத்துணையாளர் தம் எல்லையைக் கடந்தவராகின்றார். ஓதிப் பார்ப்பவருக்கும் இது பொருந்தும்.

2001 ஓகஸ்ட் 6ல் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் உளநோயாளர் இல்லமொன்று தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. இதற்கு மாறான ஒரு முயற்சி குஜராத்தின் உனாவா கிராமத்திலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008ல் தொடங்கியது. 'தவா'வும் 'துஆ'வும் என்ற பெயரில் தர்கா வளாகத்திலேயே உள மருத்துவர்கள் அமர்ந்தனர். தர்காப் பணியாளர்கள் தம்மிடம் வந்தோரை அவர்களிடம் அனுப்பினர். தர்கா வழிபாடு பற்றிய கருத்து வேறுபாடுகள் எவ்வாறிருப்பினும், துஆவை நாடி வந்தவரிடமிருந்து அதைப் பறிக்காமலே மருந்தும் சேர்க்கப்பட்டமை கவனிப்புக்குரியது.

றமழானில் இவ்விடயம் மேலும் கூர்மையடைகின்றது. ஒரு வேளை மட்டும் எடுக்கும் மருந்துகளை இரவுக்கு மாற்றுவது பெரும்பாலும் எளிது; இரு வேளை மருந்துகள் சிலவற்றை இப்தாருக்கும் ஸஹருக்கும் பிரிக்கலாம். லித்தியம் அவ்வாறன்று. இரத்தத்தில் அது லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் அளவில் இருப்பது பொதுவாக விரும்பப்படுகின்றது, 1.5ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தொடங்கும். வெப்பத்தில் நீரும் உப்பும் இழக்கப்படும்போது அவ்வளவு உயரக்கூடும். கை நடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியன அபாய அறிகுறிகள். இருதுருவ நோயாளருக்கு இரவு விழிப்பால் உறக்கம் குன்றுவதே பித்துநிலையைத் தூண்டப் போதுமானது என்பதால், தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடைப்பட்ட நேரமும் திட்டமிடப்பட வேண்டியதாகின்றது. நோயாளிக்கு நோன்பை விட அல்குர்ஆன் (2:184–185) அளித்துள்ள சலுகையில் உளநோயாளி நீக்கப்படவில்லை. நோன்பு நோற்பதா, விடுவதா, மருந்தின் நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பவற்றை வைத்தியருடன் பேசி, தேவையாயின் இரத்தப் பரிசோதனையும் செய்து முடிக்க ஷஃபான் மாத ஆரம்பமே ஏற்ற காலம்.