ஊசி போட்டும் ஆடு சாவது ஏன்?

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் தங்கை வீட்டுப் பட்டியில் 11 ஆடுகளில் 4 தான் மிச்சம் இருந்தன. "ஊசி போட்டும் செத்துப் போச்சே, ஏன் அண்ணா?" என்று கேட்டாள். ரயில்வேயில் இரும்போடு காலம் கழித்த எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஊரில் ஆடு வளர்க்கும் சொந்தம் உண்டல்லவா?

நோயின் பெயர் ஆட்டுக்கொல்லி. மருத்துவர்கள் பி.பி.ஆர். என்பார்கள். 1942-ல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இது முதலில் அடையாளம் காணப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1987-ல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து அரசூரில், செம்மறி ஆடுகளிடம். மாட்டு வெக்கை நோய், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மை எல்லாம் இந்த வைரசுக்குப் பங்காளிகள். ஆனால் ஆட்டுக்கொல்லி மனிதரைத் தொற்றாது.

நோயுற்ற ஆடு தும்மும்போதும் இருமும்போதும் வைரஸ் பக்கத்து ஆட்டின் மூக்குக்குள் போகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியனைப் பிடித்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போகும். மற்றக் கிருமிகள் என்றால் அங்கே கதை முடியும். இந்த வைரஸோ, 'ஸ்லாம்' என்னும் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அணுவுக்குள் நுழைகிறது. அந்தப் புரதம் இருப்பதே எதிர்ப்பு அணுக்களின் மேல்தான்! திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் ஜீப்பிலேயே திருடன் ஏறி ஸ்டேஷனுக்குள் போய் இறங்குவது போல.

நிணநீர்க் கணுவில் வெள்ளணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. வைரஸ் அவற்றுக்குள் பெருகி, அவற்றிலேயே சவாரி செய்து இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் பரவுகிறது. வெள்ளணுக்கள் ஏராளமாக மடிகின்றன. பிறகு 'நெக்டின்-4' என்னும் வேறொரு புரதத்தைப் பற்றி வாய், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்தோலுக்குள் புகுகிறது. நாம் கண்ணால் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான்: கடும் காய்ச்சல், சளி, வாய்ப்புண், நாற்றமடிக்கும் கழிச்சல்.

காவல் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். சாதாரண நாளில் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருக்கும் பாக்டீரியாக்கள் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகின்றன. பல ஆடுகளின் உயிரை எடுப்பது இதுவும், கழிச்சலால் உடல் வற்றிப் போவதும்தான். தங்கை போட வைத்தது ஆன்டிபயாடிக் ஊசி. அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸைத் தொடாது. வீண் என்று சொல்லமாட்டேன். ஆரம்பத்திலேயே போட்டு, உப்பு சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தால் சில ஆடுகள் தேறும். அவள் கூப்பிட்டபோது நோய் கண்டு 5 நாள் ஆகியிருந்தது.

விசித்திரம் என்னவென்றால், எதிர்ப்புச் சக்தியையே அடித்து நொறுக்கும் இந்த வைரஸ், பிழைத்த ஆட்டுக்கு ஆயுள் முழுவதும் தன்னிடமிருந்து பாதுகாப்புக் கொடுத்துவிட்டுப் போகிறது. தட்டம்மையும் அப்படித்தான். வலுவிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்ய முடிந்ததும் இதனால்தான். இமாச்சலப் பிரதேசத்துச் சுங்ரியில் எடுத்த வைரஸிலிருந்து ஒன்றும், நம் அரசூர் வைரஸிலிருந்து ஒன்றும் நம் நாட்டிலேயே தயாராயின. ஒரு முறை போட்டால் குறைந்தது 3 ஆண்டு தாங்கும். ஆனால் மருந்தைக் குளிர்ச்சி விடாமல் கொண்டுவர வேண்டும். கரைத்த பின் வெயிலில் வைத்தால் வெறும் தண்ணீர்தான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு குட்டியிடம் இருக்கும்வரை தடுப்பூசி பிடிக்காது என்பதால் 3, 4 மாதம் பொறுக்க வேண்டும்.

மாட்டு வெக்கை 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க உலக அமைப்புகள் குறி வைத்திருக்கின்றன.

தங்கை சந்தையில் 5 குட்டிகள் வாங்கியிருக்கிறாள். பழைய நான்கோடு சேர்க்காமல் 3 வாரம் தனிக் கொட்டிலில் கட்டச் சொல்லியிருக்கிறேன். தடுப்பூசிக்கு நாள் கேட்டு டாக்டரிடமும் போய்வந்துவிட்டாளாம்.