பின்தங்கிய: ஒரு பெயரெச்சத்தின் பொருளாதாரம்

திருச்சுழிக்குக் கிழக்கே எங்கள் ஊர். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது கண்மாய்க்கரைக்கு அப்பால் கரிமூட்டத்துக்குக் காவல் இருந்த சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். மூட்டத்தில் புகை எங்காவது பீறிட்டால் மண் அள்ளிப் போட்டு அடைக்க வேண்டும். இல்லையென்றால் விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும். மண்ணை அள்ளிக்கொண்டே அவர் கேட்டார்: "ஏப்பா, தமிழ் படிச்சவன்தான நீயி? நம்ம பக்கத்தப் பின்தங்கிய பகுதின்னு எழுதியிருக்காகளாம்ல. யாருக்குப் பின்னால போயி தங்குனோம்? நாம இங்கனதான இருக்கோம்?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்துவிட்டது. 'பின்தங்கிய' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். அதன் வினை தன்வினை. நாமே தங்கினோம், யாரும் நம்மைத் தள்ளவில்லை என்பது அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. பின்தள்ளப்பட்ட என்று எழுதினால் தள்ளியது யார் என்று கேட்க வேண்டிவரும். அரசாணை அந்தக் கேள்விக்கு இடம் வைப்பதில்லை. நிதி ஆயோக் 2018இல் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய இரண்டு மாவட்டங்கள் சேர்க்கப்பட்டபோது பெயர் 'முன்னேற விழையும் மாவட்டம்' என்றானது. இதுவும் தன்வினைதான். முன்பு தானே தங்கியது, இப்போது தானே விழைகிறது.

இந்த இலக்கணத்துக்குள் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1

பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழில் வர வேண்டுமென்று 1971இல் மத்திய அரசு முதலீட்டு மானியம் கொண்டுவந்தது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஆலை வைப்பவரின் நிலையான முதலீட்டில் 10 சதவீதத்தை அரசு திருப்பித் தரும். பிறகு அது 15 சதவீதமானது, 1988இல் நின்றுபோனது. தமிழ்நாட்டில் சிப்காட் தொடங்கப்பட்டதும் அதே 1971இல்தான்.

அந்த மானியக் காலத்தின் பெரிய வெற்றியாகச் சொல்லப்படும் ஊர் ஓசூர். அன்றைக்கு ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி வறண்ட மாவட்டம், ஆகவே சலுகை. ஆனால் ஓசூருக்கு ஆலைகளை இழுத்தது தருமபுரியின் வறட்சி அல்ல, 40 கிலோமீட்டரில் இருந்த பெங்களூர். வறட்சிக்கான சான்றிதழ் மாவட்டம் முழுவதற்கும் எழுதப்பட்டது. அதைக் காட்டிச் சலுகை வாங்கியது நகரத்துக்கு மிக அருகில் இருந்த மூலை.

இத்தாலியிலும் இதுதான் நடந்தது. தெற்கு இத்தாலியை முன்னேற்ற 1950இல் அங்கே ஒரு பெரிய அரசு நிதியம் ஏற்படுத்தினார்கள். உள்ளூரோடு ஒட்டாமல் எழுந்த பெரிய ஆலைகளைப் 'பாலைவனத் தேவாலயங்கள்' என்று இத்தாலியர்களே கேலி செய்தார்கள். அதற்கும் முன்னால், 1926இல், சிறைக்குப் போகுமுன் எழுதி முடிக்காமல் விட்ட கட்டுரையில் கிராம்சி தெற்கின் பிரச்சினையைப் பேசினார். தெற்கத்தியான் இயல்பிலேயே சோம்பேறி, அவனால்தான் நாடு முன்னேறவில்லை என்ற வடக்கின் பொதுப்புத்தி எப்படி உற்பத்தியாகிறது என்பது அவருடைய அக்கறைகளில் ஒன்று. 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லி அரசு ஊழியர்களை இராமநாதபுரம் சீமைக்குத் தண்டனை மாறுதலில் அனுப்பும் வழக்கத்தை நினைத்துக்கொண்டால் கிராம்சி நமக்கு ஒன்றும் அந்நியர் இல்லை.

2

விருதுநகர் மாவட்டம் ஒரு விசித்திரமான பிரதி. மாநிலத் திட்டக் குழு 2017இல் வெளியிட்ட மனிதவள மேம்பாட்டு அறிக்கையின் தரவரிசையில் கன்னியாகுமரிக்கு அடுத்து இரண்டாம் இடம் விருதுநகருக்கு. அதற்கு அடுத்த ஆண்டே நிதி ஆயோக் பட்டியலில் அது நாட்டின் பின்தங்கிய நூற்றுச் சொச்சம் மாவட்டங்களில் ஒன்று. எது பொய்? இரண்டுமே பொய்யில்லை. அளந்த அளவுகோல்கள் வேறு. ஆனால் இரண்டுமே மாவட்டம் என்ற சராசரியை வைத்துத்தான் பேசுகின்றன.

மேற்கே இராஜபாளையம், சிவகாசி, விருதுநகர். பஞ்சாலை, அச்சகம், பட்டாசு, மளிகை வியாபாரம். கிழக்கே காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி. குதிரைவாலி, உளுந்து, பருத்தி, மல்லி, மிளகாய், கரிமூட்டம். நடுவில் தறிச் சத்தத்தோடு அருப்புக்கோட்டை. சராசரி போடும்போது சிவகாசியின் வருமானம் திருச்சுழியின் கணக்கிலும் ஏறுகிறது. சலுகை வரும்போது திருச்சுழியின் வறட்சி நாற்கரச் சாலையோரத்துக்குப் போகிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட ஜவுளிப் பூங்கா சிப்காட் கையில் இருந்த 1,052 ஏக்கரில், சாத்தூர்ப் பக்கம் இ. குமாரலிங்கபுரத்தில் அமைகிறது. அது வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நரிக்குடியிலிருந்து அங்கே தினம் போய்வர எத்தனை பஸ் மாற வேண்டும் என்பது மட்டும் என் கேள்வி.

இந்தச் சராசரியின் மோசடி அரசுக்குத் தெரியாததல்ல. மாவட்டத்தை விட்டு ஒன்றிய அளவில் பார்க்க வேண்டும் என்றுதான் 2012-13இல் மாநில சமச்சீர் வளர்ச்சி நிதியம் ஏற்படுத்தப்பட்டது. ஒதுக்கியது மாநிலம் முழுவதற்கும் 100 கோடி ரூபாய்.

3

மானியம் கைக்கு வரும் வழியைக் கொஞ்சம் பார்ப்போம். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, ஐ.டி.ஐ. படித்தவன். குதிரைவாலிக்கு உமி நீக்கும் மிஷின் போடலாம் என்று நினைத்தான். நினைப்பு நியாயமானது. எங்கள் பக்கத்துக் குதிரைவாலி மூட்டையாக வெளியே போய், அரிசியாகிப் பாக்கெட்டில் பல மடங்கு விலையோடு திரும்பி வருகிறது.

மாநில அரசின் 2021ஆம் ஆண்டு சிறு, குறு தொழில் கொள்கைப்படி இயந்திர மதிப்பில் 25 சதவீதம் மூலதன மானியம் உண்டு, உச்சவரம்பு 1.5 கோடி. 6 கோடிக்கு இயந்திரம் வாங்க முடிந்தவருக்கு 1.5 கோடி கிடைக்கும். 6 லட்சத்துக்கு வாங்கும் என் தம்பிக்கு ஒன்றரை லட்சம். விகிதம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் மானியம் முன்னால் வருவதில்லை. இயந்திரம் வாங்கி, மின் இணைப்புப் பெற்று, உற்பத்தி தொடங்கிய பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அதாவது பணம் இல்லாதவனுக்கான உதவியைப் பெறுவதற்கு முதல் தகுதி, பணம் இருப்பது.

தம்பி ஒரு வங்கிக்குப் போனான். ஈடு கேட்டார்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது, பங்காளிகள் ஏழு பேர், நிலம் மானாவாரிப் புஞ்சை. "இத வச்சி என்னத்தக் குடுக்க?" என்று அங்கிருந்தவர் கேட்டாராம். நிலம் வறண்டது என்பதால் சலுகை. அதே நிலம் வறண்டது என்பதால் கடன் இல்லை. ஒரே உண்மை ஒரு மேஜையில் தகுதி, இன்னொரு மேஜையில் தகுதியின்மை. தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் தருகிறது. நிலமற்றவர்களிடம் மூலதனம் இருக்காது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது அது. உதவியை இப்படியும் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

4

வறட்சி இயற்கைதானே என்று கேட்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது பாலைவனத்தின் மழை அல்ல. ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் கண்மாய். ஒரு கண்மாயின் கலுங்கில் வழிவது அடுத்த கண்மாய்க்கு வரத்து. குண்டாற்றுப் படுகை முழுக்க இப்படிச் சங்கிலியாகக் கோத்தது. மேலே ஒரு வரத்துக்கால் அடைந்தால் கீழே ஐந்து ஊர் காயும்.

இதை அடைத்தது யார்? ஜமீன் காலத்தில் வரி வாங்குவதில் இருந்த அக்கறை மராமத்தில் இருக்கவில்லை. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். சங்கிலி ஒன்று, சாவி இரண்டு இடத்தில். சின்னக் கண்மாய்கள் அநாதையாயின. பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. மடை திறந்ததும் சேற்றில் இறங்கியதும் யாருடைய சாதிக் கடமையாக இருந்தது, முதல் தண்ணீர் யார் வயலுக்குப் பாய்ந்தது என்பது நமக்குத் தெரியும்.

விறகுப் பஞ்சத்துக்கு என்று அரசே ஊக்கிப் பரப்பிய சீமைக்கருவேல் அந்த அநாதைக் கண்மாய்களில் ஏறியது. எங்கள் சீமைக்கு வந்த அரசு உதவிகளில் மிக ஆழமாக வேர் பிடித்தது அதுதான். 2017இல் அதை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் தண்ணீர் இல்லாத வருஷங்களில் அடுப்பெரிய வைத்ததும் அதே கருவேல்தான். கண்மாய்க் கருவேல் ஏலம், மீன் குத்தகை, இவற்றில்தான் கிராமத்தின் நிஜப் பொருளாதாரமும் அதிகாரமும் இருக்கின்றன. ஏலம் எடுக்கிற கை ஒரு தெருவில், முள் வெட்டுகிற கை வேறு தெருவில். எந்த வளர்ச்சித் திட்டத்திலும் இந்த ஏலத்தைப் பற்றி ஒரு வரி நான் வாசித்ததில்லை.

மாறாக, பெரிய கனவுகள் வரும். 2021 பிப்ரவரியில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள்: மதிப்பீடு 14,400 கோடி, மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர். 2017இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது ஒதுக்கியது 100 கோடி. காவிரி வந்தாலும் தேங்க வேண்டியது இதே கண்மாயில்தான்.

5

தொண்ணூறுகளின் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு, நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான குழு தென்மாவட்டங்களில் தொழில் வளர வேண்டுமென்று பரிந்துரைத்தது. அன்றிலிருந்து தென்மாவட்டத் தொழில் வளர்ச்சி என்ற சொல்லாடலில் ஒரு காவல்துறைக் குரலும் கலந்திருக்கிறது: இளைஞர்களுக்கு வேலை கொடுத்தால் அரிவாளை எடுக்க மாட்டார்கள். வேலை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சாதியை வேலையில்லாத் திண்டாட்டமாகச் சுருக்கும்போது நிலம், தண்ணீர், மயானப் பாதை, ஏலம் எல்லாம் பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. ஆலை வந்த ஊர்களில் சாதி போய்விட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

6

அப்படியானால் அரசு உதவி எதுவுமே எங்களுக்கு வந்து சேரவில்லையா? வந்தது. ஆனால் வேறு பெயரில்.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். விசைத்தறிக்கு 2006இல் இரு மாதத்துக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் வந்தது. 2016இல் 750, 2023இல் 1,000 ஆனது. இதற்கு ஈடு கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை. தறி ஓடினால் போதும். நூறு நாள் வேலை 2008 ஏப்ரலில் இந்த மாவட்டத்துக்கு வந்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை எங்கள் ஊர் முதன்முதலாகப் பார்த்தது. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைத்திருக்கிறது. ரேஷன் அரிசி, 2021இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ். இவைதான் அந்த மண்ணில் ஆள் தங்கியிருக்கக் காரணம்.

இவற்றின் பெயர் 'இலவசம்'. ஆலை அதிபருக்கு நிலவிலையில் தள்ளுபடி, மின்வரி விலக்கு, மூலதனத்தில் கால்பங்கு தந்தால் அதன் பெயர் 'ஊக்கம்'. முன்னது செலவு, பின்னது முதலீடு. ஒரே கருவூலம்தான், இரண்டு அகராதி.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. கரிசல் மக்களின் பேச்சுக்கு அகராதி தொகுத்தவர் கி. ராஜநாராயணன். அவருக்குப் பின் வந்த நாம் பலரும் 'வானம் பார்த்த பூமி' என்பதை ஓர் அழகியலாக மட்டும் வைத்துக்கொண்டோம். நம் பழைய திணை மரபில் பாலைக்குத் தனி நிலம் இல்லை. மற்ற நிலம் தன் இயல்பு கெட்டுப் பாலையாகிறது என்கிறது சிலப்பதிகாரம். பாலை ஆக்கப்படுவது என்ற அந்த அறிவை மறந்துவிட்டு வறட்சியை மண்ணின் குணமாக எழுதினோம். அரசாணையின் தன்வினைக்கும் நம் கதைகளின் தன்வினைக்கும் வெகுதூரமில்லை.

அடுத்த கிராமசபைக்குப் போகிற தோழர்களுக்கு மூன்று கேள்விகள். எங்கள் வறட்சியைக் காட்டிப் பெற்ற சலுகையில் எங்கள் ஒன்றியத்துக்குள் வந்தது எவ்வளவு? நம் கண்மாயின் வரத்துக்கால் எங்கே அடைந்திருக்கிறது, அந்த இடம் யார் அனுபவத்தில்? கருவேல் ஏலத்தில் போன வருஷம் வந்த பணம் எந்தக் கணக்கில் ஏறியது?

மூன்றாவது கேள்வியைச் சித்தப்பாவிடம் சொன்னேன். மூட்டத்தைப் பார்த்தபடியே இருந்தார். "கேட்டுக்கோ. ஆனா அத எந்திரிச்சுக் கேக்கிறவனுக்கு மக்கா நாள் வெட்டு வேல கிடைக்காதுப்பா" என்றார். பின்தங்கிய என்ற சொல்லுக்கு நான் கேட்ட உரைகளில் அதுதான் சரியானது.