பரம்பரையலகும் சூழலும்: மனித முளையத்தில் மூலவுயிர்க்கலங்களின் விருத்தி

பரம்பரையலகு என்னும் சொல் ஆய்வுகூடத்தைக் கடந்து அன்றாட வழக்கிலும் இடம்பெற்றுவிட்டது. முன்னர் தலையெழுத்து எனப்பட்டதே இன்று இப்பெயரால் வழங்குகின்றதோ என ஐயுற வேண்டியுள்ளது. மனிதரிடையேயுள்ள ஏற்றத்தாழ்வுகள் பிறப்பிலேயே விதிக்கப்பட்டவை என்னும் கருத்து விஞ்ஞானப் போர்வையில் தலைகாட்டுமிடத்து, அவ்விஞ்ஞானம் உண்மையில் யாது கூறுகின்றது என நோக்குதல் இலக்கிய மாணவர்க்கும் கடனாகும். விதை, சூலகம் ஆகிய சனனிகளின் தோற்றம் இதற்குத் தக்க சான்றாகும்.

கருக்கட்டலின்போதே முளையத்தின் நிறமூர்த்தங்கள் எக்ஸ்-எக்ஸ் என்றோ எக்ஸ்-வை என்றோ அமைந்துவிடுகின்றன. எனினும், ஏறத்தாழ ஆறாம் வாரம்வரை சனனி இருபாலுக்கும் பொதுவான வடிவிலேயே காணப்படும். அவ்வேளையில், வை நிறமூர்த்தத்திலுள்ளதும் 1990இல் இனங்காணப்பட்டதுமான எஸ்.ஆர்.வை. என்னும் பரம்பரையலகு செயற்படத் தொடங்கி, சொக்ஸ் 9 என்பதைத் தூண்ட, சனனி விதையாகின்றது. உடற்கலங்களிற் பெரும்பாலானவற்றில் ஒரே பரம்பரையலகுத் தொகுதியே உண்டு. எது, எங்கே, எப்பொழுது செயற்பட்டு வெளிப்படுகின்றது என்பதே கலங்களை வேறுபடுத்துகின்றது.

சூலகமோ, எதுவும் நிகழாவிடத்து எஞ்சும் வடிவம் என நெடுங்காலம் கருதப்பட்டது. பெண்மையைச் செயலின்மையாகக் காணும் சமூக நோக்கின் சாயல் இக்கருத்திற் படிந்திருந்தது எனலாம். உண்மையில், வுண்ற் 4, ஃபொக்ஸ்-எல் 2 முதலிய பரம்பரையலகுகளின் முனைப்பான செயற்பாட்டாலேயே சூலகம் உருவாகிப் பேணப்படுகின்றது. வளர்ந்த பெண் சுண்டெலிகளில் ஃபொக்ஸ்-எல் 2 நீக்கப்பட்டபோது சூலகக் கலங்கள் விதைக்குரிய இயல்பைப் பெற்றமை 2009இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. எனவே, சனனியின் இயல்பு ஒருமுறை எழுதி முடிக்கப்பட்டதன்று. எதிரெதிர்ச் சக்திகளின் இடையறாத இயக்கத்தினாற் பேணப்படுவது.

முட்டையாகவோ விந்தாகவோ மாறவல்ல மூலவுயிர்க்கலங்களின் வரலாறு இதனினும் சுவையானது. அவை சனனியிற் பிறப்பனவல்ல. நான்காம் வாரமளவிற் கருவூண்பைச் சுவரிற் காணப்படும் அவை, பின்குடல் வழியே நகர்ந்து சனனியை அடைகின்றன. அங்கு அவை செல்லும் முதல் திசையைத் தீர்மானிப்பவை அவற்றின் சொந்த நிறமூர்த்தங்களல்ல. சூழவுள்ள சனனிக் கலங்களே. சுண்டெலிகளில் இதனைத் தெளிவுறுத்தியோருள், பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினராகவும் விளங்கிய ஆன் மக்லாரன் (1927–2007) குறிப்பிடத்தக்கவர்.

மனிதச் சூலகத்தில், நிறமூர்த்த எண்ணிக்கையை அரைவாசியாக்கும் ஒடுக்கற்பிரிவு பதினொன்று, பன்னிரண்டாம் வாரமளவிற் தொடங்கி இடைநடுவில் நின்றுவிடுகின்றது. விதையிலோ அது பூப்புப் பருவம்வரை தொடங்குவதேயில்லை. ஐந்தாம் மாதமளவில் சிசுவின் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் மூலவுயிர்க்கலங்கள் உள. பிறக்கும்போது எஞ்சுபவை 10 முதல் 20 இலட்சமே.

இதிலிருந்து பெறப்படும் உண்மையொன்று மனங்கொள்ளத்தக்கது. நம்மை உருவாக்கிய முட்டை, நம் தாய் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவாகத் தொடங்கியது. கர்ப்பிணியொருத்தி பெண் சிசுவைச் சுமக்கையில் மூன்றாந் தலைமுறையின் வித்தையும் உடன்சுமக்கின்றாள். புகைபிடித்த தாய்மாரின் முளையங்களில் மூலவுயிர்க்கலங்கள் குறைந்திருந்தமையை 2010இல் தென்மார்க்கு ஆய்வாளர் வெளியிட்டனர். தாயின் வாழ்நிலைமை கருவறை வாசலில் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. ஆகவே, கர்ப்பிணித் தொழிலாளியின் ஓய்வும் உணவும் சலுகைகளல்ல, தலைமுறைகளின் உரிமைகளாகும்.

ஆயின், சூழலை வற்புறுத்துவதற்காகப் பரம்பரையலகை மறுத்தலும் ஆகாது. 1948இல் சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோவாதிகள் மார்க்சியத்தின் பெயரால் அவ்வாறு செய்தமை பாரதூரமான தவறாகும். அதனை ஒளிக்காது ஏற்பது மார்க்சியருக்கு இழுக்கன்று. எஸ்.ஆர்.வை. இன்றேல், விதை தோன்றுவது மிக அரிது. சூழவுள்ள கலங்கள் இன்றேல், மூலவுயிர்க்கலத்துக்குத் திசையில்லை. இரண்டையும் அவற்றின் உறவில் வைத்து நோக்குவதே பொருள்முதல்வாதம். தலையெழுத்துக் கோட்பாட்டுக்கு அங்கு இடமில்லை.