தண்ணீருக்கு மேலே ஒரு விகாரை

ஆந்திரத்தின் நாகார்ஜுனகொண்டாவுக்குப் பேருந்தில் போய் இறங்க முடியாது. கிருஷ்ணை நதியின் நீர்த்தேக்கத்தில் விசைப்படகு ஏற வேண்டும். ஏனென்றால் இன்று நாம் தீவாகப் பார்ப்பது, ஒருகாலத்தில் பள்ளத்தாக்கின் நடுவே நின்ற மலையின் உச்சி.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில், இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தது. மன்னர்கள் வேத வேள்விகள் நடத்தினார்கள். அரண்மனைப் பெண்களோ பௌத்தத் தூபிகளுக்கும் விகாரைகளுக்கும் வாரி வழங்கினார்கள்! கல்வெட்டுகளில் அவர்கள் பெயர்தான் நிறைய. இலங்கைத் துறவிகளுக்கென்றே இங்கு 'சிங்கள விகாரை' ஒன்றும் இருந்திருக்கிறது.

1950களில் நாகார்ஜுன சாகர் அணை கட்டத் தொடங்கியபோது, இந்த நகரம் மூழ்கப்போவது உறுதியாயிற்று. தொல்லியல் துறையினர் 1954 முதல் 1960 வரை அவசர அவசரமாக அகழ்ந்தார்கள். முக்கியமான சில கட்டடங்களைப் பெயர்த்து, மலையுச்சியிலும் கரையோரத்து அனுப்புவிலும் மறுபடி எழுப்பினார்கள். படிவரிசைகளோடு கூடிய பழைய அரங்கத்தை அனுப்புவில் பார்க்கலாம். பலர் தீவோடு திரும்பிவிடுகிறார்கள், அனுப்புவைத் தவறவிடாதீர்கள்.

தூபியின் அடித்தளத்தைக் கவனியுங்கள். ஆரக்கால்கள் வைத்த சக்கரம்போலச் செங்கல் சுவர்கள் ஓடும். இடைவெளிகளில் மண்ணை நிரப்பி, மேலே குவிமாடம் எழுப்புவார்கள். செங்கல்லும் மிச்சம், உறுதியும் உண்டு.

தீவிலுள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில், காலைப் படகிலேயே கிளம்பிவிடுவது நல்லது.