திங்கட்கிழமை வயிற்றுவலி

கண்டரமாணிக்கம் பக்கத்தில் பிள்ளை தொப்புளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் ஓமத்திரவம் வரும். கேட்கவில்லையென்றால் "பூச்சியா இருக்கும்" என்பார்கள். மாத்திரை போட்டும் திங்கட்கிழமை காலையில் வலி திரும்பினால், "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று தீர்ப்பாகிவிடும். பெரும்பாலும் இரண்டுமே தப்பு.

1958-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் மருத்துவர்கள் ஜான் ஏப்லியும் நோரா நாயிஷும் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு, மூன்று மாதத்தில் மூன்று முறையாவது வந்த வலியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். பத்தில் ஒரு பிள்ளைக்கு அது இருந்தது. அவர்களில் உறுப்புக் கோளாறு தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

பூச்சியை ஒதுக்கிவிட முடியாதுதான். நிறைய உருண்டைப்புழு சேர்ந்தால் குடலையே அடைக்கும். ஆனால் 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். அதை ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கும் வலி வந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் தேட வேண்டியது மலச்சிக்கலை. பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அடக்க அடக்க மலம் இறுகும், போகும்போது வலிக்கும், அந்தப் பயத்தில் இன்னும் அடக்குவார்கள். "தினமும் போறானே" என்று அம்மா சொல்வதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. கொஞ்சம் போய், மிச்சம் உள்ளேயே தங்கலாம். ஜட்டியில் கறை படிவதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுப்பவர்களும் உண்டு. சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் உட்காரப் பழக்க வேண்டும். மலமிளக்கி தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் காலம் வரை, சில சமயம் மாதக்கணக்கில், கொடுக்க வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் குடல் நரம்பின் கூருணர்ச்சிதான். மற்றவர்களுக்குத் தெரியாத சாதாரணக் காற்றும் அசைவும் இந்தப் பிள்ளைக்கு வலியாகத் தெரியும். பரீட்சைப் பயம் அதைக் கூட்டும். வலி நிஜம், ஸ்கேனில் மட்டும் தெரியாது. ஸ்கேன் அறிக்கையில் "நெறி கட்டியிருக்கிறது" என்று வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. சிறிய நெறிகள் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் இருக்கும்; காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால்தான் காசநோயை நினைக்க வேண்டும்.

இந்த வலிக்கு வீட்டார் நடந்துகொள்ளும் விதமும் மருந்துதான். 2006-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் லின் வாக்கரின் குழு பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றில் அசௌகரியத்தை உண்டாக்கியது. பெற்றோர் வலியையே விசாரித்தபோது பிள்ளைகள் வலியைச் சொல்வது ஏறக்குறைய இரட்டிப்பானது. பேச்சை மாற்றியபோது பாதியானது. "இப்ப வலிக்குதா?" என்று அரைமணிக்கொரு தரம் கேட்கும் அப்பத்தாவிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம்தான்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டு ஒரு பக்கமாக நிற்கும் வலி, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், எடை குறைவு, வளர்ச்சி நிற்பது இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பச்சை வாந்தியோ, வலது அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலியோ என்றால் குடலேற்றம் என்று தடவக் கூடாது, பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது. குடல்வால் வீக்கமாக இருந்தால் அது வெடித்துவிடலாம். உடனே காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க வேண்டும்.