ஃபுட் பாய்சனுக்கு யூடியூப் வைத்தியமா? வீடியோவில் எதைக் கவனிக்கணும்?

ராத்திரி 11 மணிக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. திருச்சி கே.கே. நகரில் இருந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புவதா, விடியட்டும்னு பொறுப்பதா? கை முதலில் மொபைலைத்தான் எடுக்கும். தேடினால் வரிசையாக வீடியோக்கள். 'இதைக் குடிச்சா அஞ்சே நிமிஷத்துல நிக்கும்' என்று ஒன்று, 'இந்தக் கடைப் பக்கம் போயிடாதீங்க' என்று இன்னொன்று. ஆனால் அந்த நேரத்தில் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: உடம்பில் இருந்து போன தண்ணீரை எப்படித் திரும்பக் கொடுப்பது, எப்போது வண்டி எடுப்பது. இதைச் சொல்லாத வீடியோ எத்தனை லட்சம் வியூஸ் போயிருந்தாலும் உதவாது.

ஓ.ஆர்.எஸ்-லயே குழப்பம்

'ஓ.ஆர்.எஸ் குடிங்க' என்று சொல்வதோடு பல வீடியோக்கள் முடிந்துவிடும். எப்படிக் கலக்கணும்? பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க. பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டினால் உப்பும் சர்க்கரையும் அளவுக்கு மீறிப் போகும். குழந்தைகளுக்கு அது ஆபத்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வாந்தி வருதா? மடமடன்னு குடிக்காமல், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம்.

'ஓ.ஆர்.எஸ்' என்று பேர் போட்டு இனிப்பு பானங்களும் கடைகளில் விற்றன. சர்க்கரை அதிகமானால் வயிற்றுப்போக்கு கூடத்தான் செய்யும். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதைப் பற்றிப் பல வருஷமாக வீடியோ போட்டுக் கத்திக்கொண்டே இருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் இல்லாத பானத்துக்கு அந்தப் பேரே கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. வீடியோன்னாலே தப்பு இல்லை என்பதற்கு இவரே சாட்சி.

'நல்லா சூடு பண்ணிட்டா போதும்'

இது பாதி உண்மை. சூட்டில் கிருமி சாகலாம். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி சில கிருமிகள் உணவில் ஏற்கெனவே விட்டுவைத்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

'கடைசியா சாப்பிட்டதுதான் காரணம்' என்பதும் அப்படித்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் அரை மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும். சால்மோனெல்லா 6 மணி நேரத்தில் இருந்து 6 நாள் வரை எடுத்துக்கொள்ளும். இன்றைய வாந்திக்கு முந்தாநாள் சாப்பாடு காரணமாக இருக்கலாம்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். 40 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தனர். அதன்பிறகு ஷவர்மா என்றாலே விஷம் என்கிற அளவுக்கு வீடியோக்கள் வந்தன. சரியாக வேகாத கறி, மணிக்கணக்காக வெளியே கிடக்கும் மயோனைஸ், கழுவாத கை இவைதான் பிரச்னை. 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஒரு வருஷத்துக்குத் தடை போட்டதும் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு மட்டும்தான். 'மயோனைஸுக்கே தடை' என்று தம்ப்நெயில் வைத்தால் கிளிக் விழும், அவ்வளவுதான்.

இதெல்லாம் இருந்தால் போனை வைத்துவிட்டுக் கிளம்புங்க

மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூட உள்ளே தங்காத வாந்தி, 3 நாளைத் தாண்டிய வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைவது, தலைசுற்றல். கண் மங்கினாலோ, கை கால் வலுவிழந்தாலோ உடனே 108. குழந்தை அழுதும் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் விஷயத்தில் சீக்கிரமே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்கச் சொல்லும் வீடியோவை அப்படியே தள்ளிவிடுங்க. பேதியை நிறுத்தும் மாத்திரையும் தானாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது அது நிலைமையை மோசமாக்கலாம், குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

கடை மேல் சந்தேகம் இருந்தால் பில்லையும் மிச்ச உணவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம். ரீல்ஸ் போடுவதை அப்புறம் பார்த்துக்கலாம்.